விடியும்வரை தணல்: நிலக்கரி அடுப்போடு முதற்குளிரைச் சந்திக்கும் பிள்ளைகளுக்கு

ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள ஃபெல்பாக், வைப்லிங்கன், எஸ்லிங்கன் பக்கமாகப் பழைய வீடு வாங்கிக் குடிபோகும் நம் பிள்ளைகள் பலருடைய வீட்டு மூலையில் ஓர் இரும்படுப்பு நிற்கிறது. வீட்டோடு சேர்ந்து வந்தது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கி, ரஷ்ய எரிவாயு நின்று, விலை ஏறிய குளிரில் அதைத் தூசு தட்டிக் கரி வாங்கிப் போடத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தால் ஒரே கேள்விதான் வருகிறது: "மாமா, ராத்திரி பத்து மணிக்குப் போட்ட கரி ரெண்டு மணிக்கே அணைஞ்சு போகுது. விடியும்வரைக்கும் எப்படி நிற்கவைக்கிறது?"

எண்பதுகளில் அகதிகளாக வந்து இந்த நகரத்தின் பழைய மாடிவீடுகளில் கரியடுப்போடு குளிர் கழித்த எங்கள் தலைமுறைக்கு இதற்கு விடை தெரியும். கரி நீண்ட நேரம் நிற்பது காற்றை அளந்து விடுவதால். காற்றை அடைத்தாலும் அது நீண்ட நேரம் நிற்பதுபோலத் தோன்றும். ஆனால் அப்படி நிற்கும் கரி வெக்கையையும் தராது, உறங்குகிறவர்களின் உயிருக்கும் உலை வைக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியப் பழகினால் மற்றதெல்லாம் கைப்பழக்கம். தெரிந்ததை இலக்கமிட்டு எழுதுகிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. கரி வாங்குவதற்கு முன் அடுப்பின் தகட்டை வாசியுங்கள்.

அடுப்பின் முதுகிலோ சாம்பல் லாச்சிக் கதவின் உட்புறத்திலோ ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். எந்த எரிபொருள் போடலாம், எத்தனை கிலோவாட், எந்த ஆண்டுச் சான்று என்பதெல்லாம் அதில் உண்டு. பார்க்க அழகாக, பெரிய கண்ணாடியோடு இன்று விற்கும் அடுப்புகளில் பல விறகுக்கு மட்டுமே உரியவை. அவற்றின் அடியில் கம்பித்தட்டு இராது; காற்று மேலிருந்துதான் வரும். அதில் கரி போட்டால் கரி பாதியில் செத்துவிடும், அல்லது அடித்தளம் வெடிக்கும். தகட்டில் பழுப்பு நிலக்கரிக் கட்டி என்று எழுதியிருந்தால் மட்டும் கரியைப் பற்றி யோசியுங்கள். 'சைட்பிராண்ட்' என்று எழுதியிருந்தால் அது சில மணித்தியாலம் எரித்து முடிப்பதற்கான அடுப்பு. இரவு முழுதும் தணல் காக்கச் செய்தது அல்ல. 'டவர்பிராண்ட்' என்றிருந்தால்தான் நீங்கள் கேட்கும் வேலைக்கு அது பொருந்தும்.

2. புகைக்கூட்டுக்காரரோடு நல்லுறவு வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு உடையில் வரும் அந்த மனிதரை வரி வாங்க வருகிறவரைப்போலப் பார்க்காதீர்கள். உங்கள் பகுதிக்கென்று நியமிக்கப்பட்டவர் அவர். ஏழு ஆண்டில் இருமுறை வந்து அடுப்பையும் புகைக்கூட்டையும் பார்ப்பது அவர் கடமை. திட எரிபொருள் அடுப்பைப் புதிதாகப் பொறுப்பேற்கிறவர் ஓராண்டுக்குள் அவரிடம் ஆலோசனை பெறவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆளையும் வைத்துக்கொண்டு, அடுப்பையும் வைத்துக்கொண்டு, கைபேசியில் காணொளி பார்த்துப் பழகுவது ஏன்?

அவரிடம் முதலில் கேட்கவேண்டியது, இந்த அடுப்பை இனி எரிக்கலாமா என்பது. தகட்டிலுள்ள தேதி 2010 மார்ச் 22க்கு முந்தியதாக இருந்தால், அடுப்பு ஒரு கனமீட்டர் புகையில் 0.15 கிராமுக்கு மேல் தூசும் 4 கிராமுக்கு மேல் கார்பன் மோனாக்சைடும் விடக்கூடாது. இதற்கான கடைசித் தவணை 2024 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. 1950க்கு முந்திய அடுப்பு, சமையல் அடுப்பு, வீட்டுக்கு அது ஒன்றே வெப்பம் என்னும் நிலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. எது உங்களுடையது என்பதை அவர் சொல்வார். பல ஊர்களில் சில தெருக்களுக்கான கட்டடத் திட்டமே நிலக்கரியைத் தடுத்திருக்கும், அதையும் கேளுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

3. எந்தக் கரி என்று தெரிந்து வாங்குங்கள்.

கடையில் 10 கிலோக் கட்டாகவும் 25 கிலோக் கட்டாகவும் இருப்பது பழுப்பு நிலக்கரியை உலர்த்தி அழுத்திய கட்டி. நம் நெய்வேலியில் எடுப்பதும் இதே இனம். 1956இல் அங்கே நிறுவனம் தொடங்கியபின், அந்தக் கரியிலிருந்து செய்த கட்டிகள் 'லெகோ' என்ற பெயரில் தமிழ்நாட்டு வீடுகளில் எரிந்தன. ஊர் மூத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இங்கே ரைன் பக்கத்துக் கட்டிகள்தான் நெடுங்காலம் தென்ஜெர்மனிக்கு வந்தன. ஃப்ரெஹனில் அந்த உற்பத்தி 2022 முடிவோடு நின்றது. இப்போது கிடைப்பது பெரும்பாலும் கிழக்கே லவுசிட்ஸ் பகுதிக் கரி. 2023 முதல் நிலக்கரிக்கும் கரியமில வரி சேர்ந்துவிட்டதால் விலையில் அது தெரியும்.

ஒரு கிலோ உலர்ந்த விறகு ஏறத்தாழ 4 கிலோவாட் மணி வெப்பம் தரும். பழுப்புக் கரிக்கட்டி 5க்குச் சற்று மேல். அந்திரசைட் என்னும் கடினக் கரி 8க்கு மேல். அப்படியானால் கடினக் கரிதானே நல்லது என்று ஓடாதீர்கள். அது பற்றுவதற்கு அடியில் நல்ல காற்றும் ஆழமான தீயறையும் வேண்டும். பற்றியபின் அதன் சூட்டில் சாதாரணக் கம்பித்தட்டு வளைந்துபோகும். தகடு அனுமதித்தால் மட்டும் அதைத் தொடுங்கள். ஜெர்மனியின் கடைசிக் கடினக் கரிச் சுரங்கங்கள், இப்பன்பியூரனும் போட்ரொப்பின் ப்ரோஸ்பர் ஹானியலும், 2018இல் மூடப்பட்டன. இனி வருவதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு.

கரியை ஈரமில்லாத நிலவறையில் வையுங்கள். நனைந்த கட்டி பொரிந்து தூளாகும். தூள் கம்பித்தட்டின் துளையை அடைக்கும்.

4. கரியை நேரே மூட்ட முயலாதீர்கள்.

முதலில் விறகு. மெல்லிய சிராய்களை அடுக்கி, மேலே மெழுகு தோய்த்த மரநார்ச் சுருள் ஒன்றை வைத்துப் பற்றவையுங்கள். மண்ணெண்ணெயோ பெற்றோலோ வேண்டாம். விறகு எரிந்து தணலாகி, கம்பித்தட்டை முழுக்க மூடியபின் இரண்டு மூன்று கட்டிகளை வையுங்கள். அவற்றின் ஓரங்கள் சிவந்தபின்தான் அடுத்தவை. தணல் பரப்பில்லாமல் கரியை அள்ளிப் போட்டால் அது எரியாது, புகையும். அந்தப் புகை முழுக்க உங்கள் பணம்.

5. கீழ்க்காற்று வேறு, மேல்காற்று வேறு.

இந்த ஒன்றை ஆறுதலாக வாசியுங்கள். நீண்ட நேரம் எரிவதன் சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

அடுப்பில் இரண்டு காற்றுவழி இருக்கும். ஒன்று சாம்பல் லாச்சிப் பக்கமாக நுழைந்து கம்பித்தட்டின் ஊடாகத் தணலுக்குள் ஏறும், அது கீழ்க்காற்று. மற்றது கண்ணாடியின் மேலிருந்து வழிந்து தீச்சுடருக்குள் கலக்கும், அது மேல்காற்று. விறகு பெரும்பாலும் மேல்காற்றில் எரியும். கரிக்குக் கீழ்க்காற்று இல்லாமல் உயிரில்லை. விறகுக்குப் பழகினவர்கள் கீழ்க்காற்றை முழுக்க மூடிவிட்டுக் கரி நிற்கவில்லை என்று கவலைப்படுவார்கள்.

புதிய கட்டி தணலில் விழுந்ததும் என்ன நடக்கிறது என்று கண்ணாடி வழியே பாருங்கள். முதல் சில நிமிடம் புகை. பிறகு கட்டியைச் சுற்றி நீண்ட மஞ்சள் சுடர். பழுப்புக் கரியின் எடையில் கணிசமான பங்கு சூடேறியதும் வாயுவாக வெளியேறும். மஞ்சளாக எரிவது அந்த வாயு. இந்த நேரத்தில் இரண்டு காற்றும் நன்றாகத் திறந்திருக்கவேண்டும். வாயு எரிந்து முடிய இருபது நிமிடமும் ஆகலாம், முக்கால் மணித்தியாலமும் ஆகலாம், அடுப்பைப் பொறுத்தது. மஞ்சள் சுடர் குறுகி, கட்டிகள் செம்மஞ்சளாகக் கனன்று, அவற்றின் மேலே மெல்லிய நீலச் சுடர் விளையாடத் தொடங்கும். அந்த நீலத்தைக் கண்டபின்தான் கீழ்க்காற்றைக் குறைக்கவேண்டும். ஒரே இழுப்பில் மூடாமல், பாதியாக்கி, பத்து நிமிடம் பொறுத்து, பிறகு விரல்நகம் நுழையும் கீற்றளவுக்குக் கொண்டுவாருங்கள்.

அந்த நீலச் சுடர் கார்பன் மோனாக்சைட் எரிவது. தடித்த தணல் படுக்கையின் ஊடாகக் காற்று ஏறும்போது அது உருவாகும். மேலே வந்ததும் மேல்காற்றோடு கலந்து எரிந்து, அதுவும் வெப்பமாகும். மேல்காற்றை முற்றாக அடைத்தால் அது எரியாமல் அப்படியே போகும். வெப்பத்தில் ஒரு பங்கு புகைக்கூட்டில் போய்விடும். இழுவை குறைந்த இரவென்றால் அறைக்குள்ளும் வரும். ஆகவே மேல்காற்றுக்கு ஒரு கீற்று எப்போதும் இருக்கவேண்டும்.

மஞ்சள் சுடர் எரியும்போதே காற்றை மூடிவிட்டு, சற்றுப் பொறுத்துக் கதவைத் திறந்தால் தேங்கிய வாயு ஒரேயடியாகப் பற்றி முகத்தில் அடிக்கும். கதவைத் திறக்கவேண்டி வந்தால், முதலில் காற்றுவழிகளைத் திறந்து, ஒரு நிமிடம் விட்டு, கதவை விரல் அளவு நீக்கி நிறுத்தி, அதன்பிறகு மெதுவாகத் திறவுங்கள்.

6. இரவுக்கு அடுக்கும் விதம்.

ஊரில் மரத்தூள் அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தகரத்துக்குள் நடுவில் ஒரு போத்தலை நிறுத்திச் சுற்றிலும் மரத்தூளை இறுக்கி அடைத்து, போத்தலை உருவி எடுத்து மூட்டினால் மணிக்கணக்கில் எரியும். தளர்வாகக் கொட்டிய அதே தூள் படபடவென்று எரிந்து முடியும். கரிக்கட்டியும் அப்படித்தான். தணலில் அள்ளிக் குவித்தால் ஒவ்வொரு கட்டியின் ஆறு பக்கமும் காற்றுப்பட்டுக் கெதியாக எரியும். ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால் எரியும் பரப்பு குறையும். வெளிப்பக்கம் எரிந்து உள்நோக்கி ஆறுதலாகப் போகும்.

படுக்கப் போவதற்கு ஒன்றரை மணித்தியாலம் முன்னரே தொடங்குங்கள். கம்பித்தட்டை ஒருமுறை மெல்ல ஆட்டிச் சாம்பலை ஓரளவு இறக்குங்கள். தணலை முன்புறத்திலிருந்து பின்னுக்குத் தள்ளிக் கூட்டுங்கள். கட்டிகளைப் புத்தகம் அடுக்குமாப்போல் நிறுத்தி, இடைவெளியில்லாமல் தணலோடு சேர்த்து வையுங்கள். இரண்டு காற்றையும் திறந்து, ஐந்தாவதில் சொன்னபடி மஞ்சள் போய் நீலம் வரும்வரை விழித்திருங்கள். பிறகு கீழ்க்காற்றைக் கீற்றாக்கிவிட்டுப் போங்கள். விழித்திருக்க முடியாத அலுப்பென்றால் அன்றைக்கு அடுக்காதீர்கள். எரிவது எரிந்து முடியட்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

எத்தனை கட்டி என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். ஒரு சிறிய அறைக்கு 8 மணித்தியாலம் 2 கிலோவாட் வீதம் வேண்டுமென்றால் 16 கிலோவாட் மணி. அடுப்பு கரியின் வெப்பத்தில் முக்கால் பங்கை அறைக்குத் தருகிறது என்று வைத்தால் ஏறத்தாழ 4 கிலோ கரி. வழக்கமான கட்டி அரைக் கிலோ அளவு. ஆக 8 கட்டி. சிறிய அடுப்புகளின் கைநூல் ஒரு தடவைக்கு அவ்வளவு போட அனுமதிக்காது. அப்படியானால் மூன்று நான்கு கட்டியோடு நிறுத்தி, விடியற்காலையில் அறை சூடாக இருக்கவேண்டும் என்ற ஆசையை விட்டு, தணல் மிஞ்சினால் காணும் என்று இருங்கள். காலையில் சாம்பலை மெல்லக் கிளறினால் அடியில் சிவப்புத் தெரியும். கீழ்க்காற்றைத் திறந்து இரண்டு சிராயும் ஒரு கட்டியும் வைத்தால், தேநீர் ஊற்றி முடிப்பதற்குள் அடுப்பு எழும்பிவிடும். தீக்குச்சி தேவைப்படாத காலைதான் நல்ல கரியடுப்புக்கு அளவுகோல்.

7. ஈரப் பத்திரிகையில் கரியைச் சுற்றாதீர்கள்.

பக்கத்து வீட்டு ஜெர்மன் மூதாட்டிகள் அன்போடு சொல்லித் தருவார்கள்: கட்டியை நனைந்த பத்திரிகைத் தாளில் சுற்றித் தணலில் புதைத்தால் விடியும்வரை நிற்கும் என்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பஞ்ச காலத்தில் எத்தனையோ வீடுகள் அப்படிப் பிழைத்தன. அவர்கள் அனுபவத்தை மதிக்கிறேன், செய்முறையை ஏற்கமாட்டேன். நிற்பது உண்மை. அது எரிந்து நிற்பதில்லை, புகைந்து நிற்கிறது. வாயு எரியாமல் போகிறது, புகைக்கூட்டில் கரிப்பிசின் படிகிறது. தாளை மூட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். வர்ணம் பூசிய மரம், ஒட்டுப்பலகைத் துண்டு, குப்பை எதையும் கரியோடு சேர்ப்பது சட்டப்படி குற்றம்; குழந்தைகள் சுவாசிக்கும் தெருவுக்குச் செய்யும் கேடும்.

8. கதவைச் சோதியுங்கள்.

கரி நிற்கவில்லை என்று என்னிடம் வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன. ஒரு தாள் கீற்றைக் கதவிடுக்கில் வைத்து, கதவைப் பூட்டி, இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் நல்லது. வழுக்கி வந்தால் கதவோரத்துக் கண்ணாடியிழைக் கயிறு தேய்ந்துவிட்டது. நீங்கள் காற்றுவழியைக் கீற்றாக்கினாலும் கதவிடுக்கால் காற்று தாராளமாக நுழையும். கரி ரெண்டு மணிக்கு முடிவதற்கு அதுவே போதும். நான்கு பக்கமும் சோதியுங்கள். சாம்பல் லாச்சிக் கதவையும் மறக்காதீர்கள். கரியடுப்பில் அதுதான் முக்கியமான கதவு. கயிறும் பசையும் கட்டடச் சாமான் கடைகளில் கிடைக்கும். பழையதைச் சுரண்டி எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, பழைய கயிற்றின் அதே தடிப்பில் புதியதை இழுக்காமல் ஒட்டவேண்டும். இழுத்து ஒட்டினால் மெலிந்து மறுபடி ஒழுகும்.

9. ஸ்டுட்கார்ட்டின் பள்ளத்தை மறக்காதீர்கள்.

இந்த நகரின் நடுப்பகுதி ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. மூன்று பக்கமும் குன்று. காற்று ஓட்டம் குறைவு. குளிர்கால உயரழுத்த நாள்களில் கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெப்பக் காற்றுமாக மூடிபோட்டு நின்றுவிடும். அப்படியான நாளில் புகை மேலே போக விரும்பாது. வெளியே மப்பும் மூடுபனியும், காற்றசைவே இல்லை, குளிரும் பெரிதாக இல்லை என்றால், ஒரு தாளைக் கொளுத்தி அடுப்பின் மேல்வாயில் பிடித்துப் பாருங்கள். சுடர் உள்ளே சாய்ந்து இழுபட்டால் சரி. அசையாமல் நின்றாலோ உங்கள் பக்கம் திரும்பினாலோ அன்றிரவு கரி அடுக்கவே கூடாது.

மறுபக்கம், ஸ்டுட்கார்ட் மேற்கிலும் கிழக்கிலும் உள்ள நாலைந்து மாடிப் பழைய வீடுகளின் கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு எதிரான தொல்லை. உயர்ந்த புகைக்கூடு கடுங்குளிரில் அளவுக்குமேல் இழுக்கும். சாதாரண அடுப்புக்கு 12 பாஸ்கல் அளவு இழுவை போதும். அங்கே அதன் இரு மடங்கும் வரும். கரி கெதியாக எரிந்து வெக்கை கூரைக்கு மேலே போய்விடும். புகைக்கூட்டுக்காரரிடம் அளக்கச் சொல்லுங்கள். அவர் ஒப்புதலோடு இழுவை மட்டுப்படுத்தி ஒன்றைப் பொருத்தினால் கரி நிற்கும் நேரம் கண்ணுக்குத் தெரிய நீளும். குழாயை முழுவதும் அடைக்கும் தகடு எதையும் ஒருபோதும் பூட்டாதீர்கள்.

10. பெரிய அடுப்பு நீண்ட நேரம் எரியும் என்பது தப்பெண்ணம்.

காப்பிடாத பழைய வீட்டில் ஒரு சதுரமீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட் வேண்டும். காப்பிட்ட வீட்டில் அதில் பாதியும் தேவைப்படாது. 20 சதுரமீட்டர் அறைக்கு 2 கிலோவாட். அதில் 8 கிலோவாட் அடுப்பை வைத்தால் நாள் முழுக்க அதன் கழுத்தை நெரித்துத்தான் எரிக்கவேண்டி வரும். யன்னல் இடுக்கை அடைத்து, தடித்த திரை போட்டு, வீட்டின் ஓட்டைகளைக் குறையுங்கள். மிச்சமாகும் ஒவ்வொரு கட்டியும் இரவை நீட்டும்.

11. சாம்பல்.

பழுப்புக் கரிக்குக் கம்பித்தட்டில் மெல்லிய சாம்பல் படுக்கை இருப்பது நல்லது. காற்றை மட்டுப்படுத்தும், தணலைக் காக்கும். கடினக் கரிக்கு எதிர்மாறு. அதற்குத் தட்டு சுத்தமாக இருக்கவேண்டும். எந்தக் கரியானாலும் லாச்சி நிரம்பிச் சாம்பல் கம்பித்தட்டைத் தொட விடாதீர்கள். கீழிருந்து வரும் காற்றுத்தான் அந்த இரும்பைக் குளிர்விக்கிறது. அது நின்றால் தட்டு வளையும்.

அள்ளிய சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில், எரியாத தரையில் வையுங்கள். ஆறிவிட்டதென்று தோன்றும் சாம்பலுக்குள் ஒரு நாள் கழிந்தும் தணல் கிடக்கும். முற்றாக ஆறியபின் கறுப்புக் குப்பைத் தொட்டிக்குள் போடுங்கள். நிலக்கரிச் சாம்பலைத் தோட்டத்து மிளகாய்க் கன்றுக்குப் போடவேண்டாம். அதில் கன உலோகங்கள் உண்டு. வாளியோடு படி இறங்கும்போது சிந்தாமல் போங்கள். இந்த ஊரில் முறைவைத்துப் படிக்கட்டுத் துடைக்கும் வாரத்தை அயலவர் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று தெரியுந்தானே.

12. கார்பன் மோனாக்சைட் கண்டறியும் கருவி இல்லாத வீட்டில் இரவுக் கரி வேண்டாம்.

அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தை அது இருநூறு மடங்குக்கு மேலான பற்றோடு பிடித்துக்கொள்ளும். உறங்குகிறவருக்கு எழும்பவேண்டும் என்ற உணர்வே வராது. கூரையில் பூட்டியிருக்கும் புகைக் கருவி, இந்த மாநிலத்தில் 2014 முடிவுக்குள் எல்லா வீட்டுக்கும் கட்டாயமானது, இந்த வாயுவை அறியாது. அதற்கென்று தனிக்கருவி வேண்டும். பெட்டியில் இஎன் 50291 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தால் ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் ஒலிக்கும். 300 பங்கென்றால் மூன்று நிமிடத்துக்குள். ஒன்றை அடுப்பு அறையிலும் ஒன்றை உறங்கும் அறையிலும் வையுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, குமட்டல், தலைச்சுற்று என்றால் தடிமன் காய்ச்சல் என்று நினைத்துப் பனடோல் தேடாதீர்கள். வெளியே வந்துவிட்டு 112ஐ அழையுங்கள். போகும் வழியில் யன்னலைத் திறக்க முடிந்தால் திறவுங்கள், அதற்காக நிற்கவேண்டாம்.

இறைச்சி வாட்டும் கரித்தட்டை வெக்கைக்காக வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுவருவதைப் பற்றி ஒரே சொல்: கூடாது. அதற்குப் புகைக்கூடே இல்லை.

13. நம் சமையலறைக்கென்று ஒரு தனி எச்சரிக்கை.

மிளகாய் வறுக்கும்போதும் மீன் பொரிக்கும்போதும் புகையுறிஞ்சியை முழு வேகத்தில் போடுவது நம் வீடுகளின் வழக்கம். அது வெளியே காற்றைத் தள்ளும் வகையென்றால், யன்னல்கள் பூட்டிய வீட்டில் இல்லாத காற்றை எங்கிருந்தோ இழுக்கவேண்டும். மிக எளிதான வழி உங்கள் புகைக்கூடு. அடுப்புப் புகை திரும்பி அறைக்குள் வரும். யன்னல் திறந்திருந்தால் மட்டும் உறிஞ்சியை ஓடவிடும் ஆளி ஒன்று உண்டு. கரியடுப்பு இருக்கும் வீட்டில் அதைப் பொருத்தாமல் விடாதீர்கள். அதுவரை, தாளிக்கும்போது யன்னலைத் திறந்து வையுங்கள்.

14. புகைக்கூட்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இரைச்சலும் கூட்டின் மேலே தீப்பொறியும் தெரிந்தால் 112. காற்றுவழிகளை மூடி, எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். தண்ணீர் ஆவியாகும்போது 1,700 மடங்கு விரியும், கூடு பிளந்துவிடும்.

15. நகரத்துக்கும் ஒரு கடமை உண்டு.

நெக்கார்டோர் சந்தியிலிருந்த அளவுகருவி நெடுங்காலம் நாட்டிலேயே மோசமான நுண்தூசுக் கணக்கைக் காட்டியது. 2016 ஜனவரி முதல் நகரம் நுண்தூசு எச்சரிக்கை விடத் தொடங்கியது. 2017 முதல், வேறு வெப்பமூட்டி உள்ள வீடுகளில் சுகத்துக்காக மட்டும் எரிக்கும் அடுப்புகளுக்கு அந்த நாள்களில் தடை வந்தது. ஆண்டில் 35 நாளுக்கு மேல் வரம்பு மீறாமல் நெக்கார்டோர் தப்பியது 2018இல்தான் முதல்முறை. 2020 ஏப்ரலோடு அந்த எச்சரிக்கைமுறை நின்றது. சட்டம் நின்றதால் பள்ளம் தூர்ந்துவிடவில்லை. நிலக்கரி தூசும் கந்தகமும் கரியமில வாயுவும் தரும் எரிபொருள் என்பதை மறைத்து உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டு வெப்பமூட்டி (ஹைசுங்) ஒழுங்காக வேலைசெய்யும் வீட்டில், மூடுபனி இறங்கிய மாலையில் அடுப்பைச் சும்மா விடுங்கள். அது ஒன்றே வெப்பம் என்றால், புகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு எரியுங்கள். மூட்டிச் சற்று நேரம் கழித்து வெளியே போய்ப் பாருங்கள்; அப்போதும் கூட்டிலிருந்து கறுப்போ பழுப்போ தெரிந்தால் உள்ளே வந்து காற்றைத் திறவுங்கள்.

16. சித்திரையில் செய்யவேண்டியவை.

கடைசித் தணலும் அணைந்தபின் அடுப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். சாம்பல் கோடை ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். முழுக்க அள்ளி, சூளைக்கற்களைத் துடைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு பரவாயில்லை. துண்டு கழன்றால் மாற்றவேண்டும். கம்பித்தட்டை வெளியே எடுத்து நேரான தரையில் வைத்து, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இணைப்புக் குழாயைக் கழற்றிப் புகைக்கரியைத் தட்டுங்கள். அதை முற்றத்தில் செய்யுங்கள், அறைக்குள் வேண்டாம். கதவுக் கயிறு தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றுங்கள். கார்பன் மோனாக்சைட் கருவியின் மின்கலத்தையும் அதன் பின்புறத்திலுள்ள காலாவதி ஆண்டையும் பாருங்கள். உதிரிப்பாகம் தேவையென்றால் தகட்டிலுள்ள எண்ணைக் குறித்து ஆவணிக்குள் சொல்லிவையுங்கள். ஐப்பசியில் எல்லோரும் கேட்பார்கள், கிடைக்க மார்கழி ஆகிவிடும்.